துளையிடாத மீன்தொட்டிக்கு பிவிசி சைஃபன் ஓவர்ஃப்ளோ: அளவுகள், காற்று, பாதுகாப்பு

கேள்வியின் சாரம் இது: மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, அடியில் சம்ப் (மேலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து, பம்பால் மேலே திருப்பி அனுப்பும் இரண்டாம் தொட்டி) வைக்க வேண்டும், தொட்டியில் துளை போட முடியாது. மிகுதித் தண்ணீர் தானாகச் சம்ப்புக்கு இறங்கும் வழியை, அதாவது ஓவர்ஃப்ளோவை, பிவிசி குழாயிலேயே செய்துகொள்ளலாமா? மின்சாரம் போய் வந்தால் சைஃபன் (விளிம்பைத் தாண்டி ஏறி இறங்கும் குழாயில் அறாமல் ஓடும் நீர்த்தொடர்) அறுந்து தண்ணீர் தரையில் கொட்டாதா?

செய்யலாம். சரியாகச் செய்தால் மின்சாரம் போவதால் சைஃபன் அறுவதில்லை. அதன் உண்மையான பகை குழாயின் மேல்வளைவில் மெல்ல மெல்லச் சேரும் காற்று. மின்வெட்டை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பல ஓவர்ஃப்ளோக்கள் முதல் நாள் நூறு முறை அணைத்துப் போட்டாலும் ஒழுங்காக ஓடும். மூன்றாவது வாரம் ஓர் இரவில் நின்றுபோகும். அதனால் கீழே காற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. தொட்டி டெம்பர்டு (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடியாக இல்லாமல், காலியாகவும் இருந்தால், வைரத்தூள் பூசிய ஹோல் சாவால் துளையிட்டு பல்க்ஹெட் (துளையில் கசியாமல் குழாயை இறுக்கும் இணைப்பு) பொருத்துவதே மேல். சைஃபனே இல்லாத அமைப்பில் சைஃபன் அறுவதற்கும் வழியில்லை. டெம்பர்டு கண்ணாடியில் துளையிட்டால் அந்தக் கண்ணாடி முழுவதும் நொறுங்கிவிடும். தண்ணீரும் மீனும் உள்ள தொட்டியில் துளையிடவே முடியாது. இந்த இரண்டு நிலைமைகளுக்குத்தான் சைஃபன் ஓவர்ஃப்ளோ.

அமைப்பைத் தண்ணீர் போகும் வழியிலேயே பார்ப்போம். தொட்டிக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு குழாய். அதன் வாய் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே. மேற்பரப்புத் தண்ணீர் அந்த வாயில் விழுகிறது. குழாய் கீழே இறங்கி, இரண்டு எல்போக்களில் (முழங்கைபோல் வளைந்த இணைப்புகளில்) திரும்பி, மறுபடி மேலே ஏறி, கண்ணாடி விளிம்பைத் தாண்டி வெளியே இறங்குகிறது. வெளியேயும் அதேபோல் கீழே திரும்பி, ஒரு கை அளவு மேலே ஏறி, ஒரு டீயில் (‘T’ வடிவ இணைப்பில்) முடிகிறது. டீயின் நேர்க்கோடு செங்குத்தாக நிற்கும்: அடிவாயில் தண்ணீர் வரும், பக்கவாயில் வெளியேறி சம்ப்புக்கு இறங்கும், மேல்வாய் காற்றுக்காகத் திறந்திருக்கும். ஆக, உள்ளே ஒரு ‘யு’, வெளியே ஒரு ‘யு’, நடுவில் விளிம்பின் மேல் ஒரு தலைகீழ் ‘யு’. இரண்டு கீழ் வளைவுகளிலும் எப்போதும் தண்ணீர் நிற்பதால் மேல்வளைவுக்குள் காற்று நுழைய வழியில்லை. சைஃபன் உயிரோடிருப்பது இதனால்தான்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பவை இரண்டு மட்டங்கள். உள்வாயின் விளிம்பு ஒன்று. டீயின் பக்கவாயினுடைய கீழ் உதடு இன்னொன்று. பம்பு நின்றதும் தொட்டித் தண்ணீர் உள்வாயின் விளிம்பு வரை வடிந்து நின்றுவிடும். அதன்பின் குழாய்க்குள் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் மட்டும் டீயின் உதட்டு மட்டம் வரை இறங்கி, இரு பக்கமும் சமமாகி நிற்கும். எனவே டீயின் உதடு உள்வாயை விடக் கீழே இருக்க வேண்டும். அந்த உயர வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளும் விசை. இரண்டு கீழ் வளைவுகளும் டீயின் உதட்டை விட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். சைஃபனைக் காப்பாற்றும் இருப்பு அங்கேதான் நிற்கிறது. டீ உதட்டை உள்வாயை விட மேலே வைத்துவிட்டால், தொட்டியின் நீர்மட்டத்தை உள்வாய் தீர்மானிக்காது, டீதான் தீர்மானிக்கும்; பம்பு ஓடும்போது மட்டம் விளிம்பை நோக்கி ஏறிவிடும்.

இப்போது அளவுகள். உதாரணத்துக்கு 90 × 45 × 45 செ.மீ. தொட்டி. அதில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 4 லிட்டர். இந்த எண் கடைசி வரை பயன்படும்.

சைஃபன் பகுதிக்கு 1 அங்குலக் குழாய், அதாவது உள்விட்டம் சுமார் 26 மி.மீ. குடிநீருக்கான யுபிவிசி போதும். 90 பாகை எல்போ ஏழு, 1 அங்குல டீ ஒன்று, குழாய் சுமார் ஒன்றரை மீட்டர், உள்வாய்க்கு 50 மி.மீ. குழாய்த் துண்டு 10 செ.மீ., அதை 1 அங்குலத்தோடு இணைக்க ஒரு ரெடியூசர், டீக்குப் பின் சம்ப் வரை இறங்க 40 மி.மீ. குழாய், அதற்கு ஒரு ரெடியூசர், டீயின் மேல்வாய்க்கு ஒரு எண்ட் கேப். இவற்றோடு சால்வென்ட் சிமெண்ட், மீன்தொட்டி ஏர் டியூப், அதற்கான நிப்பிள், செக் வால்வு, சிறு ஏர் டேப், எப்பாக்சி. மேல்வளைவின் குறுக்குத் துண்டுக்கு ஒளிபுகும் பிவிசி கிடைத்தால் கட்டாயம் அதையே போடுங்கள். காற்று சேர்கிறதா என்று தினமும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

எல்லா உயரங்களையும் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அளந்துகொள்ளுங்கள். உள்வாயின் அடி 5 செ.மீ. கீழே. டீயின் உதடு 15 செ.மீ. கீழே. உள் ‘யு’வின் அடிக்குழாயுடைய நடுக்கோடு 23 செ.மீ. கீழே. வெளி ‘யு’வின் நடுக்கோடு 25 செ.மீ. கீழே. மேல்வளைவின் நடுக்கோடு விளிம்புக்கு 3 செ.மீ. மேலே, எல்போவின் அளவு அனுமதித்தால் இன்னும் தாழ்வாகவே வையுங்கள். குறுக்குத் துண்டின் நீளம் கண்ணாடித் தடிப்பையும், விளிம்பில் பட்டையோ பிரேஸோ இருந்தால் அதையும் பொறுத்தது. எல்போக்களின் சாக்கெட் ஆழம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், வெட்ட வேண்டிய குழாய் நீளங்களைக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு வெட்டாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் சற்று நீளமாக வெட்டி, ஒட்டாமல் கோத்துப் பார்த்து, தொட்டியில் மாட்டி அளந்து, பிறகு குறைத்துக்கொள்ளுங்கள்.

உள்வாயை வெறும் 1 அங்குலக் குழாயாக விட்டாலும் வேலை செய்யும். ஆனால் வாய் சிறியது என்பதால் தண்ணீர் சுழன்று உறிஞ்சும் சத்தம் வரும், காற்றும் கூடவே இழுபடும். 50 மி.மீ. கழுத்து வைத்தால் அது பெருமளவு குறையும். அந்தக் கழுத்தின் மேலிருந்து 25 மி.மீ. ஆழத்துக்கு 24 நெடுக்கு வெட்டுகள் போடுங்கள். ஹேக்ஸா ஃபிரேமில் இரண்டு பிளேடுகளை ஒன்றாக மாட்டினால் ஏறக்குறைய 2 மி.மீ. அகல வெட்டு ஒரே இழுப்பில் கிடைக்கும். மீன் குஞ்சும் நத்தையும் உள்ளே போகாமல் இது தடுக்கும். வெட்டுகள் போட்ட பிறகு ‘உள்வாயின் விளிம்பு’ என்பது கழுத்தின் மேல்முனை அல்ல, வெட்டுகளின் அடி. மேலே சொன்ன 5 செ.மீ. கணக்கு அந்த அடிக்குத்தான். பம்பு ஓடும்போது மணிக்கு 700 லிட்டர் தண்ணீர் இந்த வெட்டுகள் வழியே புக, அவற்றின் அடியை விட ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. மேலே மட்டம் நிற்கும். அதாவது ஓடும்போது தொட்டி மட்டம் கண்ணாடி விளிம்புக்குச் சுமார் 3 செ.மீ. கீழே. வெட்டுகளில் இலையோ பாசியோ அடைத்தால் தண்ணீர் கழுத்தின் மேல்முனையைத் தாண்டி விழும். அது ஓர் இரண்டாம் வழி. அதனால் கழுத்தின் மேல்வாயை மூடாதீர்கள். உள்வாயில் பஞ்சு மாட்டும் பழக்கமும் வேண்டாம். பஞ்சு நாளுக்கு நாள் அடைத்துக்கொண்டே வரும். மட்டமும் ஏறிக்கொண்டே வரும்.

குழாயின் விட்டத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்பது. டீக்குப் பிந்தைய வடிகாலுக்கு அது சரி. சைஃபன் பகுதிக்கு நேர் எதிர். மேல்வளைவுக்கு வரும் குமிழ்களைத் தண்ணீர் தன் வேகத்தால் கீழே இழுத்துக்கொண்டு போக வேண்டும். குமிழுக்கோ மேலே மிதக்கும் இயல்பு. 26 மி.மீ. குழாயில் வேகம் வினாடிக்கு 0.3 மீட்டருக்குக் கீழே போனால் குமிழ்கள் மேலேயே தங்க ஆரம்பிக்கும். மணிக்கு 600 லிட்டர் ஓடினால் இந்த வேகம் கிடைக்கிறது. அதே 600 லிட்டரை ஒன்றரை அங்குலக் குழாயில் விட்டால் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். மேல்வளைவு காற்றுச் சேமிப்புக் கிடங்காகிவிடும். ஆகவே பம்பின் ஓட்டத்துக்கு ஏற்பக் குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணிக்கு 600 முதல் 800 லிட்டருக்கு 1 அங்குலம். சுமார் 1,100 முதல் 1,400 லிட்டருக்கு ஒன்றேகால் அங்குலம். 400 லிட்டர் மட்டுமே ஓட்டுவதாக இருந்தால் முக்கால் அங்குலம் போதும்.

பம்பின் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை வைத்து இதைக் கணக்கிடாதீர்கள். அது தண்ணீரைத் தூக்காமல் ஓடும்போது கிடைக்கும் அளவு. சம்ப்பிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரம் ஏற்றும்போது பாதிக்கும் குறைவாக இறங்குவது சாதாரணம். பம்பைச் சம்ப்பில் வைத்து, திரும்பும் குழாயைத் தொட்டி உயரத்துக்குக் கொண்டுபோய், 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். 50 வினாடி என்றால் மணிக்கு 720 லிட்டர். இந்த அளவுகளுக்குச் சரியாகப் பொருந்தும். அதிகமாக இருந்தால் பம்பின் வெளியேற்றத்தில் ஒரு வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளலாம். ஓவர்ஃப்ளோ பக்கத்தில் மட்டும் எந்த இடத்திலும் வால்வு வைக்கக் கூடாது.

ஒட்டும் வேலைக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒட்டாமல் கோத்து, தொட்டியில் மாட்டி, ஒவ்வோர் இணைப்பின் குறுக்கேயும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டும்போது கோணம் மாறாது. வெட்டிய முனைகளில் நிற்கும் பிசிறை உள்ளும் வெளியும் சீவி எடுங்கள். உள்ளே பிசிறு நின்றால் குமிழும் பாசியும் அதில் பிடித்துக்கொள்ளும். சாக்கெட்டின் உள்ளேயும் குழாயின் மேலேயும் சிமெண்ட் பூசி, தள்ளும்போது கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எது ஒட்ட வேண்டிய இணைப்பு, எது ஒட்டாமல் விடலாம் என்பதில் கவனம் தேவை. மேல்வளைவின் நான்கு இணைப்புகளும் முழுமையாக அடைபட வேண்டும். சைஃபனின் அந்தப் பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு. ஊசித்துளை இருந்தாலும் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே இழுபடும். வெளியிலிருந்து பார்த்தால் காய்ந்து சுத்தமாக இருக்கும். உள்ளே காற்று சேர்ந்துகொண்டிருக்கும். சைஃபன் காரணமில்லாமல் அறுந்தது என்று சொல்லப்படும் பல சம்பவங்களின் பின்னால் இப்படி ஓர் இணைப்பு இருக்கும். வெளி ‘யு’வின் இணைப்புகளில் கசிவு இருந்தால் சொட்டுவது கண்ணுக்குத் தெரியும், அவற்றையும் ஒட்டுங்கள். தொட்டிக்குள் நீரில் மூழ்கியிருக்கும் ‘யு’வின் இணைப்பு தளர்ந்திருந்தால் என்ன என்று சிலர் விட்டுவிடுவார்கள். பம்பு நின்றபின் அந்த இடுக்கு வழியே தொட்டித் தண்ணீர் குழாய்க்குள் கசிந்து, டீயின் உதட்டு மட்டம் வரை வடிந்துகொண்டே இருக்கும். நம் அளவில் அது 10 செ.மீ., அதாவது 40 லிட்டர் கூடுதலாகச் சம்ப்புக்குப் போகும். எனவே அதுவும் ஒட்டப்பட வேண்டும். கழுத்தை மட்டும் டெஃப்ளான் டேப் சுற்றி இறுக்கமாகச் செருகினால் போதும்; கழற்றிக் கழுவலாம். டீக்குப் பிந்தைய வடிகாலும் ஒட்டத் தேவையில்லை. பொருத்தம் இறுக்கமாக இருந்தால் சரி.

டீயை ஒட்டுவதற்கு அவசரப்பட வேண்டாம். அதன் உயரத்தை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன். ஒட்டியவற்றை ஒரு நாள் உலரவிட்டு, பின் தண்ணீரில் ஊறவைத்து, வாசனை போகும் வரை தண்ணீரை மாற்றுங்கள்.

காற்றை வெளியேற்றும் நிப்பிள் எங்கே என்பதும் முக்கியம். மேல்வளைவில் தண்ணீரின் வேகம் குமிழ்களை வெளிப்பக்க எல்போவை நோக்கித் தள்ளும். அவை அங்கேதான் குவியும். அந்த எல்போவின் உச்சியில், 6 மி.மீ. ஏர் டியூப் நிப்பிளுக்கு 5.5 மி.மீ. துளை போட்டு, நிப்பிளை அழுத்திச் செருகி, சுற்றிலும் எப்பாக்சி வையுங்கள். நிப்பிளின் முனை உள்ளே ஒரு மி.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது. நீட்டினால் அந்த உயரத்துக்குக் காற்று எப்போதும் நிற்கும். மொத்த அமைப்பையும் தொட்டியில் பொருத்தும்போது வெளிப்பக்க எல்போ 2, 3 மி.மீ. உயரமாக இருக்கும்படி சாய்த்துவிட்டால் காற்று தவறாமல் நிப்பிளின் அடியில் வந்து சேரும்.

நிப்பிளிலிருந்து ஏர் டேப், அதன் பின் செக் வால்வு, காற்று வெளியே மட்டும் போகும் திசையில். சைஃபனைத் தொடங்க, தொட்டியை உள்வாய்க்கு மேல் வரை நிரப்பி, டீயின் மேல்வாய் வழியே வெளி ‘யு’ நிறையத் தண்ணீர் ஊற்றி, 60 மி.லி. சிரிஞ்சால் டியூபிலிருந்து காற்றை இழுங்கள். உள்ளே இருக்கும் காற்று 200 மி.லி. அளவுதான், நாலைந்து இழுப்பில் தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் வந்ததும் டேப்பை மூடுங்கள்.

சிறு தொட்டியில், குமிழ் குறைவான தண்ணீரில், வாரம் ஒருமுறை சிரிஞ்சால் இழுத்துவிட்டே ஓட்டலாம். ஆனால் வீட்டில் ஆள் இல்லாத நாட்களையும் கணக்கில் எடுத்தால், தானாகக் காற்றை இழுக்கும் ஏற்பாடு வேண்டும். வழி எளிது. வென்ச்சுரி வாய் (ஓடும் தண்ணீரின் வேகத்தால் காற்றை உறிஞ்சும் வாய்) உள்ள சிறு பவர்ஹெட் (நீருக்குள் ஓடும் பம்பு) ஒன்றை மேல் தொட்டிக்குள் நீரில் மூழ்க வைத்து, ஏர் டியூபை அதன் வென்ச்சுரியில் மாட்டி, ஏர் டேப்பைத் திறந்துவிடுங்கள். அது ஓடும் வரை மேல்வளைவிலிருந்து தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். பவர்ஹெட்டைச் சம்ப்பில் வைக்கக் கூடாது. மின்சாரம் போனதும் அந்த மெல்லிய டியூபே மேல்வளைவிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் தனி சைஃபனாக மாறி, இரண்டு ‘யு’க்களிலும் உள்ள தண்ணீரை மெதுவாகக் காலி செய்துவிடும். செக் வால்வு இதைத் தடுக்காது, ஏனென்றால் ஓட்டம் வால்வு அனுமதிக்கும் திசையிலேயே நடக்கிறது. தனி உறிஞ்சு பம்பு பயன்படுத்தினாலும் இதே விதி: அதன் வெளியேற்ற முனை மேல் தொட்டிக்குள், பம்பு நின்றபின் உள்ள மட்டத்துக்கும் கீழே மூழ்கியிருக்கட்டும். செக் வால்வின் ரப்பர் நாளாவட்டத்தில் விறைத்துப்போகும். ஆண்டுக்கு ஒன்று மாற்றிவிடுங்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துக் குறைக்கலாம். ஏர் ஸ்டோன், பவர்ஹெட், சம்ப்பிலிருந்து திரும்பும் குழாய் ஆகியவற்றின் நுண்குமிழ்கள் உள்வாய் அருகே போகாதபடி அவற்றைத் தொட்டியின் மறுமுனைக்கு நகர்த்துங்கள். செடி அடர்ந்த தொட்டியில் பகலில் இலைகள் விடும் ஆக்சிஜன் குமிழ்களும் கணக்கில் வரும். ஆனால் பெரும்பாலும் காரணம் உள்வாயே. டீ தேவைக்கு அதிகமாகத் தாழ்ந்திருந்தால், உள்நிற்கும் குழாயில் தண்ணீர் மட்டம் வாயை விட ஐந்தாறு செ.மீ. கீழே போய், மேலிருந்து விழும் தண்ணீர் அருவிபோல் அடித்துக் குமிழை உள்ளே கொண்டுபோகும். சத்தமும் வரும். அதற்குத்தான் டீயின் உயரத்தைச் சரிசெய்வது. முதலில் 10 செ.மீ. வித்தியாசத்தில் ஒட்டாமல், டெஃப்ளான் டேப் சுற்றிச் செருகி, அடியில் வாளி வைத்து ஓட்டுங்கள். உள்வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்க்குள் தண்ணீர் வெட்டுகளின் அடியை விட 1 முதல் 2 செ.மீ. கீழே நின்றால் சரியான இடம். அதிகம் கீழே இருந்தால், வெளி ‘யு’வுக்கும் டீக்கும் இடையிலுள்ள துண்டை 1 செ.மீ. நீளமானதாக மாற்றி மறுபடி பாருங்கள். உள்வாய் முழுகி, தொட்டி மட்டம் ஏறிக்கொண்டே போனால் துண்டைக் குறைக்க வேண்டும். இடம் பிடிபட்டதும் ஒட்டிவிடலாம். முழுகும் நிலைக்கு மிக நெருக்கமாக வைக்க ஆசைப்பட வேண்டாம். சத்தமே இருக்காதுதான். ஆனால் குழாய்க்குள் பாசி படிந்து ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும் ஈடுகட்ட உயரம் மிச்சமிருக்காது. வித்தியாசத்தை இரட்டிப்பாக்கினால் ஓட்டம் இரட்டிப்பாகாது, ஒன்றரை மடங்குக்கும் குறைவாகத்தான் கூடும். எனவே ஓட்டம் போதவில்லை என்றால் டீயைத் தாழ்த்திக்கொண்டே போவதைவிடக் குழாயின் விட்டத்தைக் கூட்டுவதுதான் வழி.

டீயின் மேல்வாயை அடைக்கக் கூடாது. ‘டமடம’ சத்தம் தாங்காமல் எண்ட் கேப் போட்டு இறுக்கிவிடுபவர்கள் உண்டு. உடனே நிசப்தம் வரும். ஆனால் இப்போது டீயிலிருந்து சம்ப் வரையுள்ள முழு நீளமும் ஒரே சைஃபன். பம்பு நின்றதும் அது வெளி ‘யு’வின் தண்ணீரையும் உறிஞ்சி இறக்கி, மேல்வளைவுக்குள் காற்றை விட்டுவிடும். மறுபடி பம்பு ஓடும்போது ஓவர்ஃப்ளோ ஓடாது. கேப் போடலாம், அதில் 5 மி.மீ. துளை போட்டிருந்தால். சத்தத்தைக் கேட்டு, வேண்டுமானால் துளையை அரை மி.மீ. அரை மி.மீ. ஆகப் பெரிதாக்குங்கள். அந்தத் துளையில் உப்போ தூசியோ அடைக்காமல் பார்த்துக்கொள்வது மாதாந்திர வேலை. சத்தத்தைக் குறைக்க மேலும் நல்ல வழி, டீக்குப் பின் குழாயை 40 மி.மீ. ஆக்குவது, தண்ணீர் குழாயின் சுவரோடு ஒட்டி இறங்கும், நடுவில் காற்று போகும். சம்ப்பில் அதன் முனை 2 செ.மீ. மட்டும் மூழ்கட்டும், 45 பாகை சாய்வாக வெட்டியிருக்கட்டும். 10 செ.மீ. மூழ்கவிட்டால் காற்று முட்டி முட்டி வெளியேறி வாந்தி எடுப்பதுபோல் சத்தம் வரும்.

அடுத்தது தண்ணீரின் கணக்கு. ஓவர்ஃப்ளோவை எவ்வளவு நன்றாகச் செய்தாலும், அது ஒருநாள் நிற்கும் என்று வைத்துக்கொண்டே இதைப் போட வேண்டும்.

பம்பு நின்றால்: மட்டம் வெட்டுகளின் அடி வரை சுமார் 2 செ.மீ. இறங்கும், 8 லிட்டர். குழாய்களில் உள்ளது ஒரு லிட்டர். திரும்பும் குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அதுவும் பின்னோக்கி சைஃபன் ஆகும். அந்தக் குழாயில், ஓடும் மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே 4 மி.மீ. துளை போட்டால் அங்கே காற்று புகுந்து நின்றுவிடும். இந்தத் துளை பாசியில் அடையும், அதனால் இரண்டு போடுங்கள். ஆக, ஓடும் நிலையில் சம்ப்பில் குறைந்தது 12 லிட்டருக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். பம்பை நிறுத்தி, மட்டம் அடங்கியதும், சம்ப்பின் வெளிச்சுவரில் ஒரு கோடு போடுங்கள். பம்பு நின்ற நிலையில் மட்டம் அதைத் தாண்டும்படி தண்ணீர் நிரப்பவே கூடாது.

சைஃபன் நின்றால்: பம்பு, சம்ப்பில் அது நிற்கும் அறையில் உள்ள தண்ணீர் தீரும் வரை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். மேலே மிச்சமுள்ள இடம் 3 செ.மீ., அதாவது 12 லிட்டர். எனவே பம்பு அறையில், பம்பின் உறிஞ்சுவாய்க்கு மேல் 9 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது. 20 × 30 செ.மீ. அறையில் 15 செ.மீ. உயரம் என்றால் சரியாக 9 லிட்டர். அறை இதைவிடப் பெரிதாக இருந்தால் பம்பை ஒரு மேடையில் ஏற்றி வையுங்கள். இந்த ஒரு கணக்கு சரியாக இருந்தால், ஓவர்ஃப்ளோ நின்றாலும் தரையில் ஒரு சொட்டு விழாது. பம்பு வறண்டு ஓடிக் கருகாமலிருக்க அந்த அறையில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வையுங்கள். ஆவியாகும் தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவி இருக்கிறதா? அப்படியானால் கூடுதல் கவனம் வேண்டும். சைஃபன் நின்று பம்பு அறையின் மட்டம் இறங்கும்போது, அது ஆவியாதல் என்று நினைத்துக் கருவி தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். பம்பு அதையும் மேலே ஏற்றும். அந்தக் கருவியின் தொட்டியில் 2 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள், அல்லது ஒரு முறை ஓடும் நேரத்துக்கு வரம்பு வையுங்கள்.

பாதுகாப்புக்காக இரண்டு ஓவர்ஃப்ளோ வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தால் ஓட்டம் பாதி பாதியாகப் பிரிந்து, இரண்டிலும் வேகம் 0.3 மீட்டருக்குக் கீழே இறங்கி, இரண்டிலும் காற்று சேரும். இரண்டாவதின் உள்வாயை, ஓடும் மட்டத்துக்கு அரை செ.மீ. மேலே இருக்கும்படி வையுங்கள். முதலாவது தடைபட்டால் மட்டும் இது வேலை செய்யும். சும்மா நிற்பதாலேயே இதில் காற்று சேர்வதைத் தண்ணீர் அடித்துப் போகாது. இதற்கும் ஒரு நிப்பிள், வாரம் ஒரு சிரிஞ்ச் இழுப்பு தேவை.

மீன் விடும் முன் சோதனைகள். சைஃபனை நிரப்பி, பம்பை ஓட்டாமல் 24 மணி நேரம் அப்படியே விடுங்கள், பவர்ஹெட் உறிஞ்சுதலும் இல்லாமல். மேல்வளைவில் காற்று சேர்ந்திருந்தால் எங்கோ இணைப்பு கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள், உள்நோக்கி இழுக்கும் கசிவில் குமிழ் வராது. அந்த இணைப்புகளின் மேல் எப்பாக்சியோ சிலிக்கோனோ பூசி மறுபடி 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடுத்து, பம்பை ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு முறையும் மட்டம் முழுவதும் அடங்கும் வரை காத்திருந்து, மறுபடி ஓட்டுங்கள்; பத்துமுறையும் தானாக ஓடத் தொடங்க வேண்டும். பிறகு ஏர் டேப்பைத் திறந்து, செக் வால்வைக் கழற்றி, வேண்டுமென்றே காற்றை உள்ளே விட்டு சைஃபனை அறுத்துவிடுங்கள். பம்பு தன் அறையைக் காலி செய்து முடிக்கும் வரை அருகிலேயே நின்று பாருங்கள். மேல் தொட்டி வழியாமல் நின்றால் 9 லிட்டர் கணக்கு சரி. இந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். இதைச் செய்யாத ஓவர்ஃப்ளோவை நம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது.

பராமரிப்பு அதிகமில்லை. ஒளிபுகும் துண்டில் பாசி படியும். கறுப்பு டேப் சுற்றி, பார்க்கும்போது மட்டும் விலக்கலாம். சிறு நத்தைகள் வெட்டுகளைத் தாண்டி உள்ளே போய் அடி எல்போவில் வளரும். ஓட்டம் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தால் முதலில் அங்கே சந்தேகப்படுங்கள். இதற்காகவே வெளி ‘யு’வின் ஓர் எல்போவுக்குப் பதில் இன்னொரு டீயும் திருகு பிளக்கும் போட்டுக்கொண்டால், அடியில் வாளி வைத்துத் திறந்து, நீளமான பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். திறக்கும் முன் பம்பை அணைக்க வேண்டும், சைஃபனை ஏர் டேப் வழியாக அறுத்துவிட வேண்டும். மூடியபின் சிரிஞ்சால் மறுபடி நிரப்பி, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்த பிறகே நகருங்கள்.